விசிலூதியா, இடித்துரைப்பவரா, இடருரைப்பவரா?

நண்பர்களுக்கு வணக்கம்.

வேலையிடத்தில் காணும் தவறையோ ஆபத்தையோ துணிந்து சொல்பவரை ஆங்கிலத்தில் ‘விசில்புளோயர்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல் வைப்பது? ‘விசிலூதி’, ‘அம்பலப்படுத்துபவர்’ இரண்டையும் சொல்லிப் பார்த்தேன், மனம் ஒப்பவில்லை. விசில் என்றால் நமக்குக் கைதட்டலோடு சேர்ந்த கொண்டாட்டம்தான் நினைவுக்கு வரும். அம்பலப்படுத்துவதோ ஊரறியச் சொல்வது. பிரிட்டனின் 1998ஆம் ஆண்டுப் பொதுநல வெளிப்படுத்தல் சட்டம், வேலை கொடுத்தவரிடம் மட்டும் சொன்னவரையும் காக்கிறது. இளம் மருத்துவர்கள் பெரும்பாலும் செய்வதும் அதுதான். இரவுப் பணியில் ஆள் போதவில்லை, நோயாளிக்கு ஆபத்து என்று மேலே சொல்கிறார்கள்.

2014இல் லண்டனில் தீவிர சிகிச்சைப் பிரிவைப் பற்றி அப்படிச் சொன்ன ஒரு மருத்துவரின் வழக்கைப் பாருங்கள். சம்பளம் கொடுத்தது மருத்துவமனை. பயிற்சியில் அவருடைய இடத்தைக் கையில் வைத்திருந்தது ‘ஹெல்த் எஜுகேஷன் இங்கிலாந்து’ என்ற அமைப்பு. ‘நாங்கள் அவருடைய முதலாளி இல்லை, இந்தச் சட்டம் எங்களைக் கட்டாது’ என்றது அது. இரண்டு தீர்ப்பாயங்கள் அதை ஏற்றுக்கொண்டன. 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம்தான், பணி நிபந்தனைகளை இருவர் சேர்ந்தும் தீர்மானிக்கலாம், அப்படியானால் இருவருமே பொறுப்பாகலாம் என்று சொல்லி வழக்கைத் திருப்பி அனுப்பியது. மூன்று ஆண்டுகள், தனக்குச் சட்டக் காப்பு உண்டா என்ற கேள்விக்கே!

‘இடித்துரைப்பவர்’ அழகான சொல். ‘இடிப்பாரை இல்லாத’ என்ற குறள் உடனே நாவில் வருகிறது. ஆனால் அது மன்னனை நேருக்கு நேர் கண்டிக்கும் அமைச்சரின் நிமிர்வு. யாரைப் பற்றிச் சொல்கிறாரோ அவரிடமே அடுத்த மாதம் மதிப்பீட்டுப் படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டியவருக்கு அந்த உயரம் இல்லை. அவரிடம் இருப்பது கண்ணால் கண்ட ஆபத்து மட்டுமே.

அதனால் ‘இடருரை’ என்று வைக்கலாமா? சொன்ன செய்தி இடருரை, சொன்னவர் இடருரைப்பவர், சட்டம் தருவது இடருரைக் காப்பு. காட்டிக்கொடுக்கும் வாடை இதில் இல்லை, எனக்கு அது முக்கியம்.

ஒரு குறை உண்டு. அந்தச் சட்டத்தில் குற்றச்செயல், நீதி பிறழ்வு போன்றவையும் அடங்கும். கணக்கு மோசடியைச் சொன்னவரை இடருரைப்பவர் என்றால் கொஞ்சம் இடிக்கிறது. மருத்துவத் துறைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றால் எனக்குச் சம்மதமே.

அப்புறம், இந்த இளம் மருத்துவர்களைப் ‘பயிற்சி மருத்துவர்’ என்று எழுத வேண்டாம். படிப்பு முடித்த முதலாண்டுக்காரர் என்று வாசகர் நினைத்துவிடுவார். இவர்களில் பலர் பல ஆண்டுகள் பணியாற்றியவர்கள். பிரிட்டனிலேயே 2024 செப்டம்பரில் ‘ஜூனியர் டாக்டர்’ என்பதில் இருந்த ‘ஜூனியர்’ என்ற அடைமொழியை விட்டு ‘ரெசிடென்ட்’ என்று மாற்றிவிட்டார்கள். ‘உறைவிட மருத்துவர்’ நம்மிடம் ஏற்கெனவே புழங்குகிற சொல்தானே?