பிழைநீக்கியின் கமென்ட்டில் எழுத்துப்பிழை: திருத்தப் போன கதைகள்

ஜிடிபி என்றதும் நாட்டின் மொத்த உற்பத்திக் கணக்கு என்று நினைத்துவிட வேண்டாம். தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே மாதிரிதான் வருகிறது, என்ன செய்ய. நான் சொல்வது குனூ டீபக்கர், ஓடும் புரோகிராமை நிறுத்தி உள்ளே பார்த்துப் பிழை தேட உதவும் பிழைநீக்கி. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1986-இல் எழுதியது. சி, சி++ புரோகிராம் பாதியில் விழுந்தால் பலரும் முதலில் திறப்பது இதைத்தான்.

அதன் மூலநிரலுக்குள் நான் போனதற்குப் பெரிய நோக்கம் எதுவும் இல்லை. ஒரு ஃபங்ஷனில் பிரேக்பாயிண்ட் (இங்கே நில் என்று சொல்லும் குறி) வைத்தால், அது ஏன் சரியாகத் தொடக்கத்தில் நிற்காமல் கொஞ்சம் தள்ளி நிற்கிறது என்று பார்க்கப் போனேன். ஃபங்ஷனின் தலையில் ஸ்டாக்கை, அதாவது ஃபங்ஷன் தன் வேலைக்குப் பயன்படுத்தும் நினைவிடத்தை, தயார் செய்கிற சில கட்டளைகள் இருக்கும். புரோலாக் என்பார்கள். அதைத் தாண்டித்தான் ஜிடிபி நிற்கும். இதை விளக்கும் கமென்ட், அதாவது நிரலுக்குள் படிப்பவருக்காக எழுதும் குறிப்பு, அருமையாக இருந்தது. ஆனால் அதில் 'ரிசீவ்' என்ற சொல்லில் ஈ-யும் ஐ-யும் இடம் மாறிக் கிடந்தன. அவ்வளவுதான், புரோலாக்கை மறந்துவிட்டேன். இன்னும் எங்கெல்லாம் இப்படி இருக்கிறது என்று தேடத் தொடங்கினேன்.

இதற்கென்றே கோட்ஸ்பெல் என்று ஒரு கருவி இருக்கிறது. அகராதியில் இல்லாத சொல்லையெல்லாம் பிழை என்று சொல்கிற சாதாரணச் சொல்திருத்தி மாதிரி இல்லை. மக்கள் வழக்கமாகச் செய்யும் பிழைகளைப் பட்டியலாக வைத்துக்கொண்டு அவற்றை மட்டும் தேடும். மூலநிரலுக்கு இதுதான் சரி. இல்லாவிட்டால் ஒவ்வொரு வேரியபிள் பெயருக்கும் கத்தும். 'கண்டுபிடித்ததை நீயே திருத்திவிடு' என்று சொல்ல ஓர் ஆப்ஷன் உண்டு. நான் அதைப் போட்டு, சி கோப்புகளையும் ஹெச் கோப்புகளையும் மட்டும் கொடுத்து ஓட்டினேன். திரை நிரம்பி ஓடியது. பெரிய சாதனை செய்த மாதிரி ஒரு பெருமிதம் வேறு.

நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில், என்னென்ன மாறியது என்று காட்டும் டிஃப் எடுத்துப் பார்த்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. ரீட்லைன் கோப்புறையில் கை வைத்திருந்தேன். அது தனி மென்பொருள், அதன் மூலம் வேறிடத்தில் இருக்கிறது. ஜிஎன்யூலிப்பும் அப்படித்தான். லிப்ஐபர்ட்டி என்ற கோப்புறைக்கு உண்மையான வீடு ஜிசிசி கம்பைலர். 'இது தானாக உருவான கோப்பு' என்று தலையிலேயே எழுதியிருந்த சி கோப்புகளும் மாறியிருந்தன. அடுத்த முறை எக்ஸ்எம்எல்லில் இருந்து அவற்றை உருவாக்கும்போது பிழை பத்திரமாகத் திரும்பி வந்துவிடும். இவற்றையெல்லாம் கழித்துவிட்டு, மிச்சம் வெறும் கமென்ட்தானே, என்ன ஆகிவிடப்போகிறது என்று டெஸ்ட்டை ஓட்டினேன். ஒரு டெஸ்ட் விழுந்தது.

கமென்ட்டைத் திருத்தினால் டெஸ்ட் எப்படி விழும்? அரை நாள் உட்கார்ந்தேன். விஷயம் இதுதான். ஜிடிபியின் டெஸ்ட்டுகள் டிசிஎல் மொழியில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு குட்டி சி புரோகிராம் இருக்கும், அதைத்தான் ஜிடிபி ஓட்டி நிறுத்திப் பார்க்கும். எந்த வரியில் நிறுத்துவது? வரி எண்ணை நேரடியாக எழுதினால், நாளை மேலே ஒரு வரி சேர்ந்தால் எல்லாம் நகர்ந்துவிடும். அதனால் நிற்க வேண்டிய வரியின் ஓரத்தில் ஒரு கமென்ட் எழுதி வைப்பார்கள். டெஸ்ட், அந்தக் கமென்ட்டின் எழுத்துகளை சி கோப்பில் தேடி வரி எண்ணைக் கண்டுபிடிக்கும். நான் பார்த்த கோப்பில் அந்த அடையாளக் கமென்ட்டிலேயே 'ஃபங்ஷன்' என்ற சொல்லில் முதல் 'என்' காணோம். எழுதியவர் அதை அப்படியே டிசிஎல் கோப்பிலும் ஒட்டியிருக்கிறார். இரண்டும் ஒரே பிழை, அதனால் பொருத்தம் சரியாக இருந்தது. நான் சி கோப்பில் மட்டும் 'என்'னைச் சேர்த்ததும் டெஸ்ட் தேடிப் பார்த்து, அப்படி ஒரு வரியே இல்லை என்று நின்றுவிட்டது.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு, ஒரே கோப்புறையை எடுத்து, ஒவ்வொரு பிழையையும் அதன் கமென்ட் முழுவதையும் படித்துக் கையால் திருத்தினேன். பேட்ச், அதாவது அனுப்ப வேண்டிய மாற்றங்களின் தொகுப்பு, சிறியதாக இருந்தது. அதை ஜிடிபி குழுவுக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். பதிலில் ஒரே ஒரு திருத்தம் கேட்டார்கள்: நான் ஒரு கமென்ட்டை மடக்கி எழுதிய இடத்தில் முற்றுப்புள்ளிக்குப் பிறகு ஒரு இடைவெளிதான் விட்டிருந்தேன். குனூ மரபில் இரண்டு விட வேண்டும். காரணமும் எழுதியே வைத்திருக்கிறார்கள், ஈமேக்ஸ் என்ற எடிட்டரில் வாக்கியம் வாக்கியமாகத் தாவும் கட்டளைகள் வேலை செய்ய வேண்டுமாம்.

உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா? எழுதுங்கள்.

* * *

எனக்கு நடந்தது ஜிடிபியில் இல்லை, வேலை பார்த்த இடத்தில் உள்ளுக்குள் வைத்திருந்த ஒரு டீபக்கரில். நிறுவனத்தின் பெயர் வேண்டாம்.

சேர்ந்து இரண்டாவது வாரம். நிரலைப் படித்துப் பழகு என்றார்கள். படிக்கப் படிக்கக் கமென்ட்டில் பிழை. சும்மா இருக்கவில்லை, திருத்தி கமிட் போட்டேன், அதாவது மாற்றத்தைக் கிட்டில் என் பெயரில் பதிந்தேன். ஒரு வரியில் 'ரிஜிஸ்டர்ஸ்' (பிராசசருக்குள் இருக்கும் சிறு நினைவிடங்கள்) என்பதில் ஜி-யும் எஸ்-ஸும் இடம் மாறியிருந்தன. மாற்றினேன். ரிவ்யூ செய்தவரும் ஒரு நொடியில் ஒப்புதல் கொடுத்துவிட்டார், எழுத்துப்பிழைதானே.

பல மாதம் கழித்து வேறு குழுவில் இருந்து ஒருவர் நேரடியாக என்னிடம் வந்தார். ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியது யார் என்று காட்டும் கிட் பிளேமில் அந்த வரிக்கு நேரே என் பெயர். "இந்த இடத்தில் ரிஜிஸ்டர்கள் இப்போது சேமிக்கப்பட்டுவிட்டன என்று எழுதியிருக்கிறீர்கள். நிரலைப் பார்த்தால் சேமிக்கவே இல்லையே?" அதாவது ஆங்கிலத்தில் 'நவ்' என்று இருந்தது, எழுதியவர் மனதில் 'நாட்' இருந்திருக்கிறது. கடைசி எழுத்து ஒன்று மாறி, பொருள் தலைகீழ். 'நவ்' என்பதும் சரியான சொல் என்பதால் எந்தக் கருவியும் பிடிக்காது. நான் அதே வரியில் விரல் வைத்து, பக்கத்துச் சொல்லைத் திருத்திவிட்டு, இதைப் படிக்காமல் போயிருக்கிறேன். தமிழில் 'செய்த' என்பதற்கும் 'செய்யாத' என்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிய மாதிரி.

அவர் அந்தக் கமென்ட்டை நம்பி மூன்று நாள் தவறான இடத்தில் தேடியிருக்கிறார். அதை எழுதிய ஆள் வேலையை விட்டுப் போய் வருடங்கள் ஆகியிருந்தன. பெயர் என்னுடையது, திட்டும் எனக்கு.

இப்போது கிட்டில் ஒரு வழி இருக்கிறது. 2019-இல் வந்த 2.23 பதிப்பிலிருந்து, இன்ன கமிட்களைப் பிளேமில் கணக்கில் எடுக்காதே என்று சொல்லலாம்; ஒரு கோப்பில் அவற்றின் எண்களைப் பட்டியலாகவும் கொடுக்கலாம். மொத்தமாக எழுத்துப்பிழை திருத்துகிறவர்கள் தங்கள் கமிட்டை அதில் போட்டுவிடுவது நல்லது. அன்றைக்கு எனக்கு அது தெரிந்திருந்தால் திட்டு நேராக உரியவருக்குப் போயிருக்கும்!

* * *

நான் கொஞ்சம் பழைய ஆள். நீங்கள் எல்லாரும் கமிட் செய்தி எழுதியதோடு தப்பித்தீர்கள். ஜிடிபியில் 2021 வரை சேஞ்ச்லாக் என்று ஒரு கோப்பில் தனியாக எழுத வேண்டும்: தேதி, பெயர், எந்தக் கோப்பு, எந்த ஃபங்ஷன், என்ன மாற்றம். நான் ஒரே ஓர் எழுத்தைத் திருத்தி, அதற்கு நான்கு வரி சேஞ்ச்லாக் எழுதியிருக்கிறேன். அது கோப்பின் உச்சியில் சேர்வதால், வேறொருவர் முந்திக்கொண்டால் அங்கேயே மோதல் வரும். ஓர் எழுத்துக்காக ரீபேஸ் செய்கிறவனை, அதாவது தன் மாற்றத்தை மற்றவர் மாற்றத்தின் மேல் மறுபடி பொருத்துகிறவனை, பார்த்து வீட்டில் சிரித்தார்கள்.

புதிதாக வருகிறவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்லலாம். பதிப்புரிமையை ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனுக்கு எழுதிக் கொடுக்கும் காகித வேலையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்; சுமார் 15 வரிக்குள் அடங்கும் சின்ன மாற்றத்துக்கு அது கேட்க மாட்டார்கள். இன்னொன்று, 'வெளிப்படையான திருத்தம்' என்று ஒரு விதி. கமிட் உரிமை உள்ளவர்கள் அப்படிப்பட்ட திருத்தத்தை யாரையும் கேட்காமலே சேர்க்கலாம். எது வெளிப்படை? அவர்கள் எழுதி வைத்திருக்கும் சோதனை எனக்கு மிகவும் பிடிக்கும்: உன் வேலையை உலகிலேயே அதிகம் வெறுக்கிறவனால்கூட இதில் குறை கண்டுபிடிக்க முடியுமா? முடியும் என்றால் அது வெளிப்படையானது இல்லை, முதலில் எல்லாருக்கும் காட்டு. எனக்கு அப்படிப்பட்ட ஒருவர் உண்மையிலேயே இருந்தார், அதனால் சோதிப்பது சுலபம்.

* * *

சார் சொன்ன விதி கமென்ட்டுக்குப் பொருந்தும். திரையில் தெரியும் செய்திக்குப் பொருந்துமா என்பது சந்தேகம். நான் மென்பொருள் மொழிபெயர்ப்பில் இருக்கிறேன், அந்தப் பக்கத்துக் கதையைச் சொல்கிறேன்.

மென்பொருளின் செய்திகளை மொழிபெயர்க்கப் பயன்படும் கெட்டெக்ஸ்ட் முறையில் ஆங்கிலச் செய்திதான் சாவி. அந்தச் சாவிக்கு நேரே நான் தமிழை எழுதி வைத்திருப்பேன். யாரோ நல்ல மனதோடு ஆங்கிலச் செய்தியில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தினார். சாவி மாறிவிட்டது. கோப்பைப் புதுப்பித்தபோது என் வரி 'ஃபஸி' என்று குறிக்கப்பட்டது, அதாவது சந்தேகத்துக்குரியது, ஆள் பார்த்துச் சொல்லட்டும் என்று. ஃபஸியான வரிகளை வெளியீட்டில் சேர்க்க மாட்டார்கள். ஆக, என் தமிழில் ஒரு பிழையும் இல்லை, ஆங்கிலத்தில் இருந்த பிழையும் போய்விட்டது. பயனருக்குத் திரையில் வந்தது ஆங்கிலம். கோபப்படவும் ஆள் இல்லை.

இன்னொன்றும் தோன்றுகிறது. நன்னூலில் வழாநிலை, வழு, வழுவமைதி என்று மூன்று படித்திருப்போம். தமிழில் பக் என்பதற்கு வழு என்றே பலர் எழுதுகிறோம், ஆனால் வழுவமைதியை யாரும் பயன்படுத்துவதில்லை. கணினியில் அதற்கு அருமையான எடுத்துக்காட்டுகள் உண்டு. எந்தப் பக்கத்திலிருந்து வந்தாய் என்று உலாவி வழங்கிக்குச் சொல்லும் 'ரெஃபரர்' தலைப்பில் நடுவில் ஓர் 'ஆர்' குறைவு. 1996-இல் வந்த ஹெச்டிடிபி ஆவணத்திலேயே அப்படித்தான் இருக்கிறது, இன்றைக்கும் அப்படித்தான் அனுப்ப வேண்டும். சரியாக எழுதினால் வேலை செய்யாது. யூனிக்ஸில் கோப்பை உருவாக்கச் சொல்லும் 'கிரியேட்' சிஸ்டம் காலின் பெயரில் கடைசி ஈ கிடையாது. இவையெல்லாம் காரணம் பற்றி ஏற்றுக்கொண்ட வழு. முதலில் எழுதிய நண்பரின் டெஸ்ட் கமென்ட்டும் ஒருவகையில் அதுதான், இரண்டு பக்கமும் ஒத்துப்போன வரைக்கும்.

* * *

முதலில் எழுதியவன் மறுபடியும். வழுவமைதி என்ற சொல்லை எடுத்துக்கொள்கிறேன், நன்றி.

எதை வைத்துத் தொடங்குவது என்று கேட்டவர்களுக்கு: ஜிடிபியின் மூலநிரலுக்குள்ளேயே, கான்ட்ரிப் கோப்புறையில், எழுத்துப்பிழை திருத்த ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் இருக்கிறது, விக்கிப்பீடியாவின் பொதுப் பிழைப் பட்டியலை வைத்து வேலை செய்கிறது. தொடங்குகிறவர்கள் அதைப் பாருங்கள். அப்புறம், 'இன்ஃபீரியர்' என்று எங்கே பார்த்தாலும் 'இன்டீரியர்' என்று மாற்றிவிடாதீர்கள். ஜிடிபி தன் பிடியில் ஓட்டும் புரோகிராமுக்கு அதுதான் பெயர். நான் ஒரு மணி நேரம் அதைப் பிழை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது இரட்டைச் சொற்களைத் தேடுகிறேன், 'தி தி' என்று அடுத்தடுத்து வருவதை. கோப்புகளில் வரி வரியாகத் தேடும் கிரெப்பில் ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷன் (தேட வேண்டிய வடிவத்தைச் சொல்லும் குறியீடு) போதும் என்று நினைத்தேன். முதலில் வந்து குவிந்தது 'லாங் லாங்'. சி மொழியில் அது முழுஎண்ணின் ஒரு வகை, சரியான இரட்டை. அதைக் கழித்தால் 'தட் தட்' வந்தது, அதில் பாதி இலக்கணப்படி சரி. மிச்சத்தைப் பார்த்து முடித்தேன். ஆனால் வரி முடிவில் ஒரு 'தி', அடுத்த வரித் தொடக்கத்தில் இன்னொரு 'தி' என்று மடங்கிக் கிடப்பவை கிரெப்பில் சிக்கவில்லை. அவற்றை ஒரு கோப்பாக எடுத்துக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இப்போது பிரேக்பாயிண்ட் கோப்பில் இருக்கிறேன்.