மான்டேன்யாவின் யூதித்து: பழுப்பு மைக்கு ஒரு வழி சொல்லுங்கள்

பேனா, மை வைத்து வரைகிறவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் உதவுங்கள். புளோரன்ஸ் உஃபிசி அருங்காட்சியகத்தில் இருக்கும், இத்தாலிய ஓவியர் ஆந்திரேயா மான்டேன்யா பேனாவும் பழுப்பு மையும் கொண்டு வரைந்த யூதித்து சித்திரத்தை (1491) பார்த்து வரைந்து பழகிக்கொண்டிருக்கிறேன். எதிரிப் படைத்தலைவன் ஒலோபெரினின் வெட்டிய தலையைப் பணிப்பெண் பிடித்திருக்கும் பைக்குள் யூதித்து போடுகிற காட்சி அது. (கத்தோலிக்க விவிலியத்தில் யூதித்து 13ஆம் அதிகாரம், புராட்டஸ்டன்ட் சபைகளின் பைபிளில் பெரும்பாலும் இருக்காது.) ரத்தத்தைவிட அந்தத் துணி மடிப்புகள்தான் என்னைப் படுத்துகின்றன, ஒவ்வொன்றும் கல்லில் செதுக்கியது மாதிரி.

சரி, பிரச்சினை மைதான். நாட்டுமருந்துக் கடையில் மாசிக்காய், அன்னபேதி (இரும்பு உப்பு), கருவேலம்பிசின் வாங்கி பழைய முறையில் நானே காய்ச்சினேன். எழுதும்போது வெளிறிய சாம்பல் நிறம், காற்று பட்டதும் நல்ல கறுப்பு. அந்தக் காலத்து இரும்பு மை பலவும் வயதாகித்தான் பழுப்பானது என்பது தெரியும், ஆனால் எனக்கு அந்தப் பழுப்பு இப்போதே வேண்டுமே! விறகுப் புகைக்கரியைக் காய்ச்சி எடுக்கும் பிஸ்டர் மைக்கு மாறலாமா, இல்லை கடையில் விற்கும் செப்பியா என்ற பழுப்பு மையே போதுமா? அப்புறம் இரும்பு மை நாளடைவில் தாளையே அரித்துவிடும் என்பதால், அதைத் தாங்கும் பருத்தித் தாள் எது, சென்னையில் எங்கே சில்லறையாகக் கிடைக்கும் என்றும் சொன்னால் நல்லது.