மறு: ‘சப்ளிமென்ற்’ – மேலூட்டம் எனலாமா?

குழுவினர் எல்லோருக்கும் வணக்கம்.

நோயாளருக்கு வழக்கமான சாப்பாட்டுக்கு மேலதிகமாகக் கொடுக்கும் சத்துப் பானத்தை ஆங்கிலத்தில் ‘சப்ளிமென்ற்’ (supplement) என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற கேள்விக்குக் குறைநிரப்பி, பிற்சேர்க்கை, இணையுணவு, சத்துமா என்று இதுவரை நான்கு முன்மொழிவுகள் வந்துவிட்டன. யாழ்ப்பாணத்தில் டயலிசிஸ் (சிறுநீரகம் பழுதானவரின் குருதியை இயந்திரத்தால் சுத்திகரிப்பது) செய்துகொள்வோருக்கு ஒரு சிறு கைநூல் எழுதிக்கொண்டிருப்பதால் எனக்கு இது அவசரம். ‘மேலூட்டம்’ என்ற ஐந்தாவது சொல்லை முன்வைக்கிறேன்.

முதலில் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் பெரியம்மா கிழமைக்கு இரண்டு முறை டயலிசிஸுக்குப் போகிறவர். போன வருடம் ஆள் வற்றத் தொடங்கினார். மணிக்கட்டில் இறுகிக் கிடந்த காப்பு முழங்கைவரை ஏறி இறங்கியது. தராசில் மட்டும் பெரிய மாற்றம் இல்லை. கரைந்த தசையின் இடத்தை உடம்பில் தேங்கிய நீர் நிரப்பிக் கணக்கைச் சரிக்கட்டிவிட்டது. டொக்டர் கரைத்துக் குடிக்கும் சப்ளிமென்ற் மா ஒரு பேணி (டின்) எழுதிக் கொடுத்தார். கொடுத்த துண்டில் ‘சத்துணவு’ என்று இருந்தது. பெரியம்மா காலையில் ஒரு கோப்பை கரைத்துக் குடித்துவிட்டு இடியப்பத்தை விட்டார். இரவில் ஒரு கோப்பை குடித்துவிட்டுப் புட்டை விட்டார். “சத்துணவும் உணவுதானே, பிறகேன் இன்னொரு சாப்பாடு?” என்று கேட்டார். அவர் கேட்டதில் என்ன பிழை? நாங்கள் கொடுத்த சொல்தான் பிழை. பிறகு போசணையாளர் ஒருவர் இருந்து விளக்கியதும்தான் காலையில் இடியப்பம், பத்து மணிக்குக் கோப்பை என்று மாறினார்.

ஏன் மேலதிகமாகக் கொடுக்க வேண்டும் என்பதும் சொல்லோடு சேர்ந்த விஷயம். சிறுநீரகம் பழுதாகத் தொடங்கும்போது புரதத்தைக் குறைக்கச் சொல்வார்கள்: உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.6 கிராம். டயலிசிஸ் தொடங்கியபின் அது 1.0 முதல் 1.2 கிராமுக்கு ஏற வேண்டும். 50 கிலோ ஆளுக்கு 30 கிராம் என்றிருந்தது 50, 60 ஆகிறது. நான்கு மணித்தியாலச் சுத்திகரிப்பு ஒன்றிலேயே 6 முதல் 12 கிராம்வரை அமினோ அமிலம் கழிவுநீரோடு போய்விடும். வீடுகளிலோ பழைய பத்தியம்தான் தொடர்கிறது. முட்டையைக் கண்டால் இன்னும் பயப்படுகிறார்கள். பசியும் இல்லை. உள்ளே அழற்சியும் குருதியில் அமிலமும் சேர்ந்து தசையைக் கரைக்கின்றன. சாப்பாடு குறைந்ததால் மட்டும் வருவதல்ல என்பதால்தான் 2008இல் சர்வதேச வல்லுநர் குழுவொன்று இந்த நிலைக்கு ‘protein-energy wasting’ என்று தனிப் பெயர் வைத்தது. ஊட்டக்குறைவுக்கு நாங்கள் வழங்கும் ‘மந்தபோசணை’யை இங்கே போட்டால், பிள்ளைகளுக்கும் தாய்மாருக்கும் அரசு கொடுக்கும் திரிபோஷா மாவும் பிள்ளைகளின் நிறை அட்டையும்தான் நினைவுக்கு வரும். “நாங்கள் அம்மாவைப் பட்டினி போட்டமோ?” என்று மருமகள் ஒருத்தி அழுததை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஆங்கிலப் பெயருக்குப் ‘புரதசக்திக் கரைவு’ என்று எழுதலாம் என நினைக்கிறேன். அதைத் தனி இழையில் பேசுவோம்.

வந்த சொற்களுக்கு வருகிறேன். குறைநிரப்பி பொருளில் சரி, ஆனால் பாராளுமன்றத்துக் குறைநிரப்பு மதிப்பீட்டின் வாடை அடிக்கிறது. பிற்சேர்க்கை என்றால் நூலின் கடைசிப் பக்கம். இணையுணவு தமிழ்நாட்டில் குழந்தைகளுக்குத் தாய்ப்பாலோடு கொடுப்பதற்கு வழங்குகிறது. அதோடு ‘இணை’ என்றதும் சாப்பாட்டுக்குச் சமம் என்று என் பெரியம்மாபோல எல்லோரும் நினைப்பார்கள். சத்துமாவை நான் கடுமையாக எதிர்க்கிறேன். எங்கள் ஊரில் அது சிவப்பரிசி, உளுந்து, பயறு, கடலை வறுத்து இடித்த மா. பிள்ளைகளுக்கு அருமையான சாப்பாடு. டயலிசிஸ் ஆளுக்குப் பொட்டாசியமும் பொசுபரசும் ஏறிவிடும். அந்தப் பெயரைப் போட்டால் சனம் பேணியை வாங்காமல் மில்லுக்குப் போகும். சிறுநீரக நோயாளருக்கென்று செய்த பானத்தில் அந்த இரண்டும் குறைவு. தண்ணீர் அளவோடு குடிக்க வேண்டியவர்கள் என்பதால் ஒரு மில்லிலீற்றரில் 2 கலோரிக்குக் கிட்ட அடக்கியிருப்பார்கள். பசுப்பாலைப்போல மூன்று மடங்கு.

‘சப்ளிமென்ற்’ என்றே விடலாமே என்கிறார் ஒரு நண்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிசனரி டொக்டர் கிறீன், வேதியியலுக்கு ஆங்கிலச் சொல்லையே ஒட்டிக் ‘கெமிஸ்தம்’ என்று எழுதினார். அவர் உழைப்பின்மேல் எனக்குப் பெரிய மரியாதை. ஆனால் அந்தச் சொல் இன்று எவர் வாயிலும் இல்லை.

மேலூட்டம் என்பதைக் காத்திருப்போர் வாங்கில் இருந்த வெங்காயச் செய்கைக்காரர் ஒருவரிடம் சொல்லிப் பார்த்தேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “மேற்கட்டுப் பசளை மாதிரியோ, தம்பி?” என்றார். நடும்போது மண்ணில் இடுவது அடிக்கட்டு, பயிர் வளர்ந்தபின் மேலதிகமாக இடுவது மேற்கட்டு. ஓம் என்றேன். “அப்ப அடிக்கட்டு போடாமல் மேற்கட்டு போட்டு என்ன பிரயோசனம்? சாப்பாடும் சாப்பிடவேணும்.” கைநூலில் இரண்டு பக்கம் எழுதி நான் சொல்ல முயன்றதை அவர் அந்த வாங்கிலேயே சொல்லி முடித்துவிட்டார்.

பேணியில் இருக்கும் பொருளுக்கு மேலூட்டி, கொடுக்கும் முறைக்கு மேலூட்டம். வாயால் குடிப்பது வாய்வழி மேலூட்டம். சுத்திகரிப்பு நடக்கும்போதே குருதிக் குழாயில் ஏற்றுவது நாளவழி மேலூட்டம். ‘மேல்’ என்றால் பூசுவது என்று எண்ணமாட்டார்களா எனச் சென்னை அக்கா கேட்டிருந்தார். இங்கே மேல் என்பது உடம்புந்தான்: மேல் கழுவுகிறோம், மேல் நோகிறது. உடம்புக்கான ஊட்டம் என்று விளங்கிக்கொண்டாலும் நட்டமில்லை.

கைநூலில் இப்போதைக்கு இப்படி எழுதியிருக்கிறேன்: “சாப்பாட்டை முடித்து ஒரு மணித்தியாலம் கழித்து மேலூட்டியைக் குடியுங்கள். அதற்காக ஒரு நேரச் சாப்பாட்டையும் விடாதீர்கள். குறைந்தது மூன்று மாதம் தொடருங்கள்.”

மட்டக்களப்பு, வன்னி நண்பர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் பக்கத்து வயல்களிலும் மேற்கட்டு என்றுதான் சொல்கிறார்களா? வேறு சொல் இருந்தால் வெள்ளிக்கிழமைக்கு முன் எழுதுங்கள். அதன்பிறகு அச்சுக்குப் போய்விடும்.