டூரிஸ்ட் விசா நீட்டிப்பு: கடைசித் தேதிக்கு எத்தனை நாள் முன்பு போக வேண்டும்?

வழிநடை:
ஏழெட்டு மாதம் தொடர்ச்சியாக வெளிநாட்டில் இருக்கும்படி ஒரு பயணத் திட்டம். முதலில் தாய்லாந்து மூன்று மாதம், பிறகு இந்தோனேசியா இரண்டு மாதம், கடைசியில் ஷெங்கன் நாடுகள் (ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகள்). தாய்லாந்துக்கு 60 நாள் டூரிஸ்ட் விசா, இந்தோனேசியாவுக்கு விசா ஆன் அரைவல் (போய் இறங்கியதும் வாங்கும் விசா). இரண்டையும் அங்கே இருந்தபடியே நீட்டிக்க வேண்டும். விசா முடிவதற்கு எத்தனை நாள் முன்பு இமிக்ரேஷன் ஆபீசுக்குப் போவது நல்லது? சீக்கிரம் போனால் மிச்சமிருக்கும் நாட்கள் வீணாகுமா? ஐரோப்பாவில் 90 நாளுக்கு மேல் நீட்டிக்க வழி உண்டா? விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கரைதாண்டி:
"விசா முடிவதற்கு முன்" என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அதைச் சரிசெய்துகொள்ளுங்கள், மற்றதெல்லாம் அதன்மேல்தான் நிற்கிறது. விசாவில் உள்ள தேதி, எந்த நாளுக்குள் நீங்கள் எல்லையில் போய் நிற்கலாம் என்பதற்கு மட்டும். உள்ளே போனபிறகு எதுவரை இருக்கலாம் என்பதை நுழைவு முத்திரைதான் சொல்லும். தாய்லாந்து முத்திரையில் அட்மிட்டட் என்ற சொல்லோடு வந்த தேதியும், அன்டில் என்ற சொல்லோடு இன்னொரு தேதியும் இருக்கும். அந்த இரண்டாவது தேதிதான் உங்கள் கடைசி நாள். கையால் குத்தும் முத்திரை என்பதால் சில சமயம் மை மங்கி 3 எது, 8 எது என்று தெரியாது. சந்தேகம் இருந்தால் கவுண்டரிலேயே கேட்டுவிடுங்கள்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். பாஸ்போர்ட்டில் 10 வருட விசா ஒட்டியிருக்கும், ஆனால் தங்கும் அனுமதி ஐ-94 என்ற நுழைவுப் பதிவில் உள்ள தேதியோடு முடிந்துவிடும், பொதுவாக ஆறு மாதம். கனடாவில் அதிகாரி தனியாகத் தேதி எதுவும் எழுதாவிட்டால் நுழைந்த நாளிலிருந்து ஆறு மாதம். விசா இன்னும் உயிரோடு இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்து, அனுமதித்த நாளைத் தாண்டித் தங்கி ஓவர்ஸ்டே ஆகிறவர்கள்தான் அதிகம்.

அடுத்தது நாள் கணக்கு. தாய்லாந்து, இந்தோனேசியா இரண்டிலும் வந்து இறங்கிய நாளே முதல் நாள். இரவு 11.50க்கு முத்திரை குத்தினாலும் அது ஒரு முழு நாள். ஜூன் 1 அன்று தாய்லாந்துக்குள் போனால் 60 நாள் ஜூலை 30இல் முடிகிறது. "இரண்டு மாதம்" என்று வாய்க்கணக்குப் போட்டு ஆகஸ்ட் 1க்கு டிக்கெட் எடுத்தால் இரண்டு நாள் ஓவர்ஸ்டே. நீங்களும் மூன்று மாதம், இரண்டு மாதம் என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். முதல் அனுமதியும் நீட்டிப்பும் சேர்த்துத் தாய்லாந்தில் 60+30 என்றால் 90 நாள், இந்தோனேசியாவில் 30+30 என்றால் 60 நாள். காலண்டரை எடுத்து வைத்து விரல் விட்டு எண்ணுங்கள்.

பழையமுத்திரை:
தாய்லாந்து நீட்டிப்பை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். படிவம் டிஎம் 7. கட்டணம் 1,900 பாட், பணமாகக் கொண்டு போவது பாதுகாப்பு. விண்ணப்பம் மறுக்கப்பட்டால் அது திரும்பி வராது. 4×6 செ.மீ. புகைப்படம் ஒன்று. பாஸ்போர்ட்டில் முகப்புப் பக்கம், விசா பக்கம், கடைசி நுழைவு முத்திரை உள்ள பக்கம் மூன்றுக்கும் நகல். ஒவ்வொரு நகலிலும் உங்கள் கையெழுத்து வேண்டும். கையெழுத்து இல்லாத நகலைத் திருப்பிக் கொடுத்து வரிசையின் கடைசிக்கு அனுப்பிவிடுவார்கள். பாங்காக்கில் என்றால் சேங் வத்தனா அரசு வளாகம், பி கட்டடம். மற்ற மாகாணங்களில் நீங்கள் தங்கியிருக்கும் முகவரி எந்த ஆபீசின் எல்லைக்குள் வருகிறதோ அங்கேதான் போக வேண்டும்.

சீக்கிரம் போனால் நாள் போகாது. புதிய 30 நாள், நீங்கள் ஆபீசுக்குப் போன நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை, பழைய கடைசி நாளுக்கு மறுநாளிலிருந்துதான் எண்ணுவார்கள். மேலே சொன்ன கணக்கில் ஜூலை 30 ஆகஸ்ட் 29 ஆகும், நீங்கள் ஜூலை 20 அன்று போனாலும் சரி, 28 அன்று போனாலும் சரி. அதனால் கடைசி நாள்வரை இழுப்பதில் ஒரு பைசா லாபம் இல்லை. ரொம்ப முன்னால் போனால் "இப்போது வேண்டாம், பிறகு வா" என்று அனுப்பக்கூடும், ஆகவே ஒரு வாரம், பத்து நாள் முன்பு சரியாக இருக்கும். சனி, ஞாயிறு, அரசு விடுமுறை நாட்களில் ஆபீஸ் இல்லை. ஏப்ரல் 13 முதல் 15 வரை சோங்க்ரான், அதாவது தாய் புத்தாண்டு விடுமுறை. உங்கள் கடைசி நாள் அந்தப் பக்கமாக விழுந்தால் முந்தின வாரமே முடித்துவிடுங்கள்.

பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்வது டிஎம் 30இல். வெளிநாட்டவர் வந்து தங்கிய 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் இமிக்ரேஷனுக்குத் தெரிவிக்க வேண்டும், அதுதான் டிஎம் 30. ஹோட்டல்கள் தாமாகவே போட்டுவிடும். தனியார் அபார்ட்மென்டில் மாத வாடகைக்கு இருந்தால் பல உரிமையாளர்கள் போடுவதே இல்லை. சட்டப்படி கடமை அவர்களுடையது, ஆனால் கவுண்டரில் நிற்பது நீங்கள். அதிகாரி கம்ப்யூட்டரில் உங்கள் முகவரியைத் தேடும்போது பதிவு இல்லையென்றால் டிஎம் 7 அப்படியே நின்றுபோகும். எனவே வாடகை பேசும்போதே டிஎம் 30 ரசீது வேண்டும் என்று கேளுங்கள். சாவி வாங்கிய அன்றே அதைக் கையில் வாங்கிவிடுங்கள். நீட்டிப்புக்கு முந்தின நாள் ஓடினால் உரிமையாளர் ஊரில் இருக்க மாட்டார்.

இன்னொன்று. நீட்டிப்பு வாங்கியபின் நாட்டை விட்டு ஒரு நாள் வெளியே போய் வந்தாலும் அந்த நீட்டிப்பு செத்துவிடும். போக வேண்டியிருந்தால் முன்கூட்டியே டிஎம் 8 படிவத்தில் ரீஎன்ட்ரி பர்மிட் (திரும்ப நுழையும் அனுமதி) எடுக்க வேண்டும், ஒருமுறைக்கு 1,000 பாட், பலமுறைக்கு 3,800 பாட்.

வழிநடை:
மிக்க நன்றி, டிஎம் 30 பற்றி எனக்குத் தெரியவே தெரியாது. ஓரிரு நாள் ஓவர்ஸ்டே ஆனால் விமான நிலையத்தில் அபராதம் கட்டிவிட்டுப் போய்விடலாம் என்று பலர் சொல்கிறார்களே, அது எந்த அளவுக்குச் சரி? விண்ணப்பம் கொடுத்து முடிவு வராமல் கிடக்கும்போது பழைய தேதி தாண்டிவிட்டால் என்ன நிலை?

பழையமுத்திரை:
தாய்லாந்தில் அபராதம் நாளுக்கு 500 பாட், அதிகபட்சம் 20,000. நீங்களாகவே விமான நிலையத்துக்குப் போனால் 90 நாள்வரை பணத்தோடு முடியும், அதற்குமேல் ஒரு வருடம் உள்ளே வரத் தடை. பலர் சொல்லாமல் விடுவது இதன் மறுபாதி. வழியில் ஒரு சோதனைச் சாவடியில் பிடிபட்டால், ஒரு நாள் ஓவர்ஸ்டே ஆனாலும் ஐந்து வருடத் தடை, ஒரு வருடத்துக்குமேல் என்றால் பத்து வருடம். அந்த இரண்டு நாளும் வேறு மாகாணத்திலிருந்து விமான நிலையத்துக்கு பஸ்ஸில் வரும் நாட்களாக இருந்தால் எவ்வளவு ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள். பணம் இருக்கிறது என்பதற்காக இதைத் திட்டமாக வைக்காதீர்கள்.

தாய்லாந்தில் டூரிஸ்ட் நீட்டிப்பு பொதுவாக அன்றைக்கே கவுண்டரில் முடிந்துவிடும். கிடப்பில் இருப்பது என்ற கேள்வி அங்கே அதிகம் எழாது.

தீவுக்கணக்கு:
இந்தோனேசியாவில் அந்தக் கேள்வி கட்டாயம் எழும், அதனால் தாய்லாந்துக்குச் சொன்ன "ஒரு வாரம்" கணக்கை அங்கே எடுத்துப் போகாதீர்கள். விசா ஆன் அரைவல் 5 லட்சம் ரூபியா, 30 நாள். நீட்டிப்பு ஒரே ஒருமுறை, மறுபடி 5 லட்சம், மறுபடி 30 நாள். அதோடு சரி. 2025 மே மாதக் கடைசியிலிருந்து ஆன்லைனில் பணம் கட்டினாலும் புகைப்படத்துக்கு நேரில் ஆபீஸ் போக வேண்டும். விண்ணப்பம், அழைப்பு, நேரில் போவது, முடிவு என்று வேலை நாட்கள் ஓடிவிடும். ஆகவே 14 நாள் முன்பே தொடங்குங்கள். இடையில் தீவு மாறிப் போகும் திட்டம் இருந்தால் எந்த ஊர் ஆபீசைத் தேர்ந்தெடுத்தீர்களோ அங்கேயே அந்த நாட்களில் இருக்கும்படி பயணத்தை அமைத்துக்கொள்ளுங்கள். பலருக்கு விண்ணப்பம் தடைப்படுவது இங்கேதான்.

ஓவர்ஸ்டே நாளுக்கு 10 லட்சம் ரூபியா. இரண்டு நாள் தாண்டினால் நீட்டிப்புக் கட்டணத்தைப் போல நான்கு மடங்கு கட்டுகிறீர்கள். 60 நாளுக்குமேல் போனால் பணம் கட்டித் தப்ப முடியாது, நாடு கடத்தி மறுவருகைக்குத் தடை போடுவார்கள்.

உண்மையில் 60 நாளைவிடக் கூடுதலாக இருக்க ஆசை இருந்தால் விசா ஆன் அரைவல் எடுக்காமல் சி1 என்ற டூரிஸ்ட் விசாவை முன்கூட்டியே எடுத்துப் போவது நல்லது. 60 நாளில் தொடங்கி நீட்டித்து 180 நாள்வரை போகலாம். உள்ளே போனபிறகு ஒன்றை இன்னொன்றாக மாற்றுவதைவிட சரியான விசாவில் நுழைவது எப்போதும் சுலபம். விண்ணப்பத்தை evisa.imigrasi.go.id தளத்தில் மட்டும் போடுங்கள். அதே தோற்றத்தில் இருமடங்கு பணம் வாங்கும் தனியார் தளங்கள் நிறைய, முகவரி go.id என்று முடிகிறதா என்று பாருங்கள்.

கரைதாண்டி:
கிடப்பில் இருக்கும் விண்ணப்பம் பற்றி: அது நாட்டுக்கு நாடு அடியோடு மாறும். கனடாவில் தேதி முடியுமுன் விண்ணப்பித்திருந்தால் முடிவு வரும்வரை பழைய அந்தஸ்திலேயே சட்டப்படி இருக்கலாம். ஆஸ்திரேலியாவில் உள்ளே இருந்தபடி புதிய விசிட்டர் விசாவுக்கு விண்ணப்பித்தால் முடிவு வரும்வரை இருக்க பிரிட்ஜிங் விசா ஏ என்ற இடைக்கால விசா கிடைக்கும், அதை வைத்துக்கொண்டு வெளிநாடு போனால் திரும்ப முடியாது, போக வேண்டுமானால் பிரிட்ஜிங் விசா பி தனியாக வாங்க வேண்டும். ஆஸ்திரேலிய விசாவில் 8503 என்ற நிபந்தனை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இருந்தால் உள்ளே இருந்து நீட்டிக்கவே முடியாது. அமெரிக்காவில் நீட்டிப்புக்கான ஐ-539 படிவத்தை ஐ-94 தேதிக்குள் போட வேண்டும், 45 நாள் முன்பே போடச் சொல்கிறார்கள். ஐ-94 தேதியைத் தாண்டி அனுமதியில்லாமல் இருந்தால் அந்த 10 வருட விசாவே ரத்தாகிவிடும். பிரிட்டனில் சாதாரண விசிட்டருக்கு மொத்தம் ஆறு மாதம், ஆறு மாதத்துக்குக் குறைவாகக் கொடுத்திருந்தால் ஆறுவரை நீட்டிக்கலாம், அதைத் தாண்ட முடியாது.

இந்த மாதிரிப் பாதுகாப்பு எழுத்தில் இல்லாத நாட்டில், பழைய தேதிக்குள் முடிவு கையில் வரும்படி நாள் குறியுங்கள்.

வடதிசை:
ஐரோப்பா பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. நீண்ட பயணக்காரர்கள் அதிகம் தவறுவது அங்கேதான்.

ஷெங்கனில் "இன்னும் கொஞ்சம் சுற்ற வேண்டும்" என்பது நீட்டிப்புக்குக் காரணமே இல்லை. விசா விதித்தொகுப்பின் 33ஆம் பிரிவுப்படி, தவிர்க்க முடியாத இடர் அல்லது மனிதாபிமானக் காரணம் இருந்தால் இலவசமாக நீட்டிப்பார்கள், கடுமையான சொந்தக் காரணம் என்று நிரூபித்தால் 30 யூரோ. மருத்துவமனையில் படுத்திருந்தால், எந்தத் தேதிவரை விமானத்தில் போகக்கூடாது என்று தெளிவாக எழுதிய டாக்டர் கடிதம் வேண்டும். "ஓய்வு தேவை" என்ற ஒரு வரி போதாது.

எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாள்தான் ஷெங்கனுக்குள் இருக்கலாம். இந்த 90/180 கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். மார்ச் 1 அன்று நுழைந்து மே 29 அன்று வெளியேறினால் சரியாக 90 நாள், நுழைந்த நாளும் வெளியேறிய நாளும் சேர்த்து. இன்று எந்த நாளோ அந்த நாளையும் சேர்த்துப் பின்னோக்கி 180 நாள் எண்ண வேண்டும். ஆகஸ்ட் 27 அன்று எண்ணினால் மார்ச் 1 இன்னும் உள்ளே இருக்கும். ஆகஸ்ட் 28 அன்று அது வெளியே விழும், அன்றுதான் திரும்ப நுழையலாம். இடையில் ஒரு நாள் எல்லை தாண்டிவிட்டு வந்தால் எண்ணிக்கை மறுபடி பூஜ்யமாகும் என்பது தவறு. 2025 அக்டோபர் 12 முதல் இஇஎஸ் என்ற நுழைவு-வெளியேற்ற மின்பதிவு தொடங்கிவிட்டது, முத்திரைக்குப் பதில் கணினியே நாட்களை எண்ணுகிறது.

விசா தேவைப்படும் பாஸ்போர்ட் என்றால் ஸ்டிக்கரில் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். தொடக்க, முடிவுத் தேதிகள் ஒன்று, தங்கும் நாட்களின் எண்ணிக்கை மற்றொன்று. 45 நாள் இடைவெளி காட்டி, உள்ளே 30 நாள் என்று எழுதியிருந்தால் 30தான்.

"90 நாள் முடிந்ததும் குரோஷியாவில் அல்லது பல்கேரியாவில் காத்திருக்கலாம்" என்ற பழைய ஆலோசனையும் இப்போது செல்லாது. குரோஷியா 2023 ஜனவரி 1 அன்று ஷெங்கனில் சேர்ந்துவிட்டது, ருமேனியாவும் பல்கேரியாவும் 2025 ஜனவரி 1 முதல் முழுமையாக. வெளியே காத்திருக்க செர்பியா, அல்பேனியா, பிரிட்டன், அயர்லாந்து, சைப்ரஸ் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் உங்கள் பாஸ்போர்ட்டுக்கான நுழைவு விதி தனி.

உங்கள் திட்டத்தில் ஒரு சிக்கல் தெரிகிறது. ஷெங்கன் விசாவுக்குச் சட்டப்படி வசிக்கும் நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும். டூரிஸ்டாக பாங்காக்கில் இருந்துகொண்டு அங்குள்ள தூதரகத்தில் கொடுத்தால், ஏன் சொந்த நாட்டில் கொடுக்கவில்லை என்பதற்கு வலுவான காரணம் கேட்பார்கள். பயணத் தேதிக்கு ஆறு மாதத்துக்கு முன் விண்ணப்பிக்கவும் முடியாது. ஐந்து மாதம் ஆசியா, பிறகு ஐரோப்பா என்பதால் அந்த ஆறு மாத ஜன்னல் உங்களுக்குக் கிளம்புமுன்பே திறந்துவிடும். புறப்படுவதற்கு முந்தின வாரங்களில் ஷெங்கன் விசாவை வாங்கி வைத்துவிட்டு ஏறுங்கள்.

வழிநடை:
ஐரோப்பா விசாவைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன், வரிசையை மாற்றிவிடுகிறேன். பாஸ்போர்ட் நீட்டிப்புக்காலத்தில் காலாவதி ஆகப்போகிறது என்றால் என்ன செய்வது? ஏஜென்டிடம் கொடுத்து முடிப்பது பரவாயில்லையா?

பழையமுத்திரை:
பாஸ்போர்ட் முடியும் தேதியைத் தாண்டி எந்த ஆபீசும் நீட்டிப்புக் கொடுக்காது. அதனால் மொத்தப் பயணம் முடியும் நாளுக்குமேல் ஆறு மாதமாவது ஆயுள் இருக்கும்படி கிளம்புமுன் புதுப்பித்துவிடுங்கள், வெற்றுப் பக்கங்களும் எண்ணிப் பாருங்கள். வழியில் தூதரகத்தில் புதுப்பிக்க நேர்ந்தால் பழைய பாஸ்போர்ட்டைக் கட்டாயம் திரும்ப வாங்குங்கள், விசாவும் அனுமதியும் அதில்தான் இருக்கும். தாய்லாந்தில் என்றால் இரண்டையும் எடுத்துக்கொண்டு இமிக்ரேஷனில் முத்திரையைப் புதியதற்கு மாற்றச் சொல்ல வேண்டும்.

ஏஜென்ட் படிவம் நிரப்பிக் கொடுத்து உங்களோடு ஆபீசுக்கு வந்தால் குறையில்லை. பாஸ்போர்ட்டை மட்டும் வாங்கிக்கொண்டு "நீங்கள் வர வேண்டாம், நாளைக்கு முத்திரையோடு வரும்" என்றால் கொடுக்காதீர்கள். போலி முத்திரை பார்க்க அசலைப் போலவே இருக்கும், ஆனால் இமிக்ரேஷன் கணினியில் பதிவு இருக்காது. வெளியேறும் நாளில் அது தெரியும்போது ஓவர்ஸ்டேயோடு போலி ஆவணக் குற்றமும் உங்கள் தலையில் விழும்.

நீட்டிப்பு கைக்கு வந்ததும் கவுண்டரை விட்டு நகராமல் மூன்றைப் பாருங்கள்: நாள், மாதம், வருடம். வருடத்தில் ஓர் இலக்கம் தவறினாலும் எழுதிய அதிகாரியே அங்கேயே அடித்துத் திருத்திக் கையெழுத்துப் போட்டுவிடுவார், வெளியே வந்தபின் அதே திருத்தத்துக்கு அரை நாள் போகும். பிறகு அந்தப் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்துப் போனிலும் மின்னஞ்சலிலும் வைத்துக்கொள்ளுங்கள்.