புதுப்பிப்பு: கணக்கு அரியர் க்ளியர் ஆகிவிட்டது, எது கைகொடுத்தது என்று சொல்கிறேன்

தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்து இன்ஜினியரிங் சேர்ந்தேன், முதல் செமஸ்டரிலேயே கணக்கில் அரியர், புத்தகத்தைத் தொடவே மனசு வரவில்லை என்று பிப்ரவரியில் கேட்டிருந்தேன். பதில் சொன்ன அண்ணன், அக்கா எல்லாருக்கும் நன்றி. இந்தமுறை பாஸ்.

"புத்தகத்தை மூடிவிட்டு ஞாபகத்திலிருந்து எழுதிப் பார்" என்று ஒரு அக்கா சொன்னதுதான் உதவியது. 25 நிமிடம் கணக்கு, 5 நிமிடம் இடைவெளி. முதல் வாரம் பாதியிலேயே நின்றுபோய் அழுகை வந்தது. ஆனால் எங்கே தடுமாறுகிறேன் என்று அப்போதுதான் பிடிபட்டது: நுண்கணிதத்தில் இல்லை, பத்தாவதில் சரியாகப் படிக்காத முக்கோணவியலில். விடியற்காலையில் எழுந்து படிப்பது ஹாஸ்டலில் சரிப்படவில்லை.

எதிர்பாராதது ஒன்று. பக்கத்து அறைப் பையனுக்கு அதே கணக்கைத் தமிழில் சொல்லிக்கொடுத்தேன். அதற்கப்புறம் வகுப்பில் எழுந்து சந்தேகம் கேட்கக் கூச்சமே இல்லை.