ஜாம்பி படத்துக்கு முதல் ரெண்டு நிமிஷம்: கடலூர், புதுச்சேரி பக்கம் எடுத்தவங்க அனுபவம் சொல்லுங்க

திருப்பாதிரிப்புலியூர் விஸ்காம்

புதுச்சேரியில ஒரு கல்லூரியில விஸ்காம், அதாவது காட்சித் தொடர்பியல் படிச்சவன் நான். வீடு கடலூர், திருப்பாதிரிப்புலியூர். எங்களுக்குக் கொடுத்த ப்ராஜெக்ட் முழுக் குறும்படம் இல்லை. எடுக்கப்போற ஒரு படத்தோட தொடக்கம் மட்டும்தான், டைட்டிலும் சேர்த்து ரெண்டு நிமிஷத்துக்குள்ள முடியணும். எங்க குழு ஜாம்பியை, அதாவது செத்தும் எழுந்து நடமாடறவங்க கதையை எடுத்துக்கிச்சு. இந்த வருஷம் ஜூனியர்ஸ் சிலரும் அதையே எடுக்கப்போறதா சொன்னாங்க, அவங்களுக்காகத்தான் விரிவா எழுதறேன். இந்தப் பக்கம் படம் எடுத்தவங்க, எடுக்கறதைப் பக்கத்துல நின்னு பார்த்தவங்க எல்லாரும் உங்களோடதையும் போடுங்க.

முதல் கூட்டத்துல வந்த கதைகளை நீங்களே ஊகிக்கலாம். சிப்காட் தொழிற்பேட்டையில வாயு கசியுது, ஆய்வுக்கூடத்துல குடுவை உடையுது, டிவியில செய்தி வாசிக்கிறவர் பதறுறார். எல்லாத்தையும் பொறுமையா கேட்ட எங்க ஆசிரியர் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார்: "விடிஞ்சா உன் தெருவுல என்னென்ன நடக்கும்? அதுல எது நடக்கலைன்னா உனக்கு வயித்தைக் கலக்கும்?"

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து எழுதினோம். வாசல் தெளிக்கிற சத்தம், கேட்ல மாட்டின பையில விழற பால் பாக்கெட், பேப்பர்காரர் சைக்கிள், டீக்கடை பாய்லர், கோலம். படமே அதுலருந்துதான் வந்துச்சு. நல்லா வெயில் ஏறின நேரம். வரிசையா கேட்டுங்க, ஒவ்வொண்ணுலயும் எடுக்காம தொங்கற பால் பை. எந்த வாசல்லயும் கோலம் இல்லை. ஒரு வாசல்ல மட்டும் புள்ளி வச்சிருக்கு, கம்பி பாதியில இழுத்திருக்கு. அந்தக் கோலப்பொடிக் கோடு வாசலை விட்டு இறங்கி, ரோட்டுல வளைஞ்சு வளைஞ்சு போகுது. கேமரா பின்னாலயே போகுது. கடைசியில நமக்கு முதுகு காட்டிக் குனிஞ்சு நிக்கிற ஒரு கிழவி, கையிலருந்து பொடி இன்னும் கொட்டிக்கிட்டே இருக்கு. அவங்க நிமிர்றாங்க. டைட்டில்.

கடி இல்லை, துரத்தல் இல்லை. குழுவுலயே பாதிப் பேருக்கு இது பத்தலை. நான் பிடிவாதமா நின்னேன், இன்னைக்கும் அதேதான் சொல்வேன். செத்தவங்க எழுந்து வந்து கடிக்கிறதை எல்லா நாட்டுலயும் எடுத்துட்டாங்க. பார்க்கறவங்களுக்கு முதல்ல இது நம்ம தெருன்னு படணும், அப்புறம் அந்தத் தெருவுல ஏதோ சரியில்லைன்னு படணும். ரெண்டு நிமிஷத்துக்கு அது போதும்.

காலி ரோடுதான் பெரிய சிக்கல். 2002-ல வந்த '28 டேஸ் லேட்டர்' படத்துல ஆளே இல்லாத லண்டனைப் பார்த்திருப்பீங்க. விடியற்காலையில ஒவ்வொரு தடவையும் கொஞ்ச நேரம் மட்டும் போக்குவரத்தை நிறுத்தி, கைக்கு அடக்கமான டிஜிட்டல் வீடியோ கேமராக்களால எடுத்தது அது. நமக்கு ரோட்டை நிறுத்தி யாரு தருவாங்க? அதனால அகலமான ஷாட்டே வைக்காதீங்க. தூரத்துல இருக்கறதைக் கிட்ட இழுத்துக் காட்டற லாங் லென்ஸ் போட்டு, ஒரு பக்கச் சுவரும் கேட்டும் மட்டும் ஃபிரேமுக்குள்ள இருக்கற மாதிரி நெருக்கிப் பிடிங்க. முட்டுச்சந்தா பாருங்க. பாடலீஸ்வரர் கோயிலைச் சுத்தி இருக்கற சந்துகள்ல அப்படி ஒண்ணு கிடைச்சுது. முந்தின நாள் சாயங்காலம் வீடு வீடா போய்ச் சொன்னோம். மறுநாள் நாங்க விசில் அடிச்சா போதும், வண்டி எடுக்க வந்த அண்ணன் வண்டியை ஸ்டாண்டு போட்டுட்டு உள்ள போயிடுவார். பால் பையைக்கூட அந்தத் தெரு அக்காங்களே மாட்டிக் கொடுத்தாங்க.

கோலக் கிழவியா நடிச்சது எங்க ஆயா. மேக்கப் போட உட்காரவச்சதும் அவங்க கேட்ட முதல் கேள்வி, "இந்தப் பொம்பளைக்கு வூட்டுக்காரர் இருக்காரா?"

"இருக்கார் ஆயா. கதைப்படி அவர் உள்ளதான் இருக்கார்."

"அப்ப பொட்டு வையி."

தாத்தா போய் ரொம்ப வருஷம் ஆச்சு. யாரும் எதுவும் பேசலை. அம்மா எழுந்து போய்க் குங்குமச் சிமிழை எடுத்துட்டு வந்து வச்சுவிட்டாங்க. அதுவரைக்கும் வாயோரம் ரத்தம் வழியற மாதிரிதான் திட்டம். கேமராவுல பார்த்ததும் ரத்தம் வேண்டாம்னு விட்டுட்டோம். சாம்பல் பூத்த முகத்துல அந்த ஒரு சிவப்பு போதும்னு தோணிச்சு. சாயங்காலம் மேக்கப் எல்லாத்தையும் எண்ணெய் போட்டுத் துடைச்சாங்க. பொட்டை மட்டும் ராத்திரி வரைக்கும் அழிக்கலை.

மேக்கப் பத்தி ஒரு வார்த்தை. நம்ம நிறத்துக்கு வெள்ளைப் பவுடரை அப்பினா கூத்து வேஷம் மாதிரி ஆயிடும். சாம்பலும் பச்சையும் கலந்த ஐ ஷேடோவைக் கண்ணைச் சுத்தியும் கன்னக் குழியிலயும் உதட்டோரத்துலயும் மெல்லிசா தேய்ங்க. நரம்புக்கு நீலக் கண் பென்சில், அதை விரலால கலைச்சு விட்டுடணும். காயம் வேணும்னா வாசலினும் மைதாவும் கொஞ்சம் கோகோ பவுடரும் சேர்த்துப் பிசைஞ்சா தோல்ல நிக்கும்.

முத்தியால்பேட்டை நர்ஸ்

நான் படம் எடுத்தவள் இல்லை, மாட்டிக்கொண்டவள். காலையில் கடற்கரைச் சாலையில் நடப்பது வழக்கம். ஏழரை வரை வண்டி விடமாட்டார்கள், நடப்பவர்களும் ஓடுபவர்களும்தான். பழைய கலங்கரை விளக்கத்துப் பக்கம் ஒரு பையன் குப்புறக் கிடந்தான். தலையைச் சுற்றி ரத்தம். யோசிக்கவே இல்லை, ஓடிப்போய் மண்டியிட்டுக் கழுத்தில் விரல் வைத்தேன். நாடி நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. "அக்கா, ஷூட்டிங்..." என்று அவன் மெதுவாகச் சொன்னான். கேமரா எங்கோ தொலைவில் இருந்திருக்கிறது, லாங் லென்ஸாம். எனக்குப் பின்னால் ஒரு பெரியவர் 108-க்கு அழைத்துப் பேசவே ஆரம்பித்துவிட்டார்.

எனக்குக் கோபம் வந்தது உண்மை. அந்தப் பெரியவரைப் பார்த்தால் நெஞ்சுவலிக்காரர் போல இருந்தது. அப்புறம் பிள்ளைகள் வந்து கைகூப்பியபோது உட்கார்ந்து பேசினேன். பொது இடத்தில் ஆளைப் படுக்க வைத்தால், இரண்டு பக்கமும் எழுத்து தெரிகிற அட்டையோடு ஒருவரை நிறுத்துங்கள். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். உண்மையாக ஒருவருக்கு வேண்டிய ஆம்புலன்ஸ் உங்கள் பையனுக்காகக் கிளம்பிவிடக் கூடாது.

பேச்சோடு பேச்சாக அவர்கள் ரத்தத்தையும் திருத்தினேன். குளுக்கோஸ் சிரப்பில் சிவப்புச் சாயம் கலந்திருந்தார்கள், பளபளவென்று இருந்தது. ரத்தம் உறைந்து காய்ந்தால் பழுப்பாகி, கறுத்துவிடும். நேற்றே செத்தவன் என்று கதையில் இருந்தால் சட்டையில் காபிக்கறை நிறம்தான் இருக்க வேண்டும். இறந்தபின் ரத்தம் ஓடாமல் கீழ்ப்பக்கமாகத் தங்கும். மல்லாந்து கிடந்தவருக்கு முதுகில் ஊதா நிறத் திட்டுகள் வரும், தரையில் அழுந்திய இடம் மட்டும் வெளிறியிருக்கும். விறைப்பு தாடையிலும் கழுத்திலும் முதலில் தெரிந்து அப்புறம் கைகால்களுக்கு வரும். நம் வெயிலில் சீக்கிரம் வந்து சீக்கிரம் போகும். இதையெல்லாம் எத்தனையோ இரவுகள் வார்டில் பார்த்தவள் சொல்கிறேன். பையன்கள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். முடிந்த படத்தை எனக்கு அனுப்பினார்கள். அந்த முதுகுத் திட்டைச் சரியாக வைத்திருந்தார்கள், சந்தோஷமாக இருந்தது.

தேவனாம்பட்டினம்

எங்க ஊர்க் கரைக்கும் ஒரு காலேஜ் பசங்க வந்தாங்க. சில்வர் பீச்சுன்னு நீங்க சொல்ற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி. மணல்ல வரிசையா ஆளுங்களைப் படுக்கவச்சு, அலை வந்து தொடறப்ப ஒவ்வொருத்தரா எழுந்திருக்கற மாதிரி எடுக்கணும்னாங்க. பாக்க நல்லாத்தான் இருக்கும், தெரியுது.

எங்க மாமாதான் அவங்ககிட்ட பேசினார். சத்தம் போடலை. "தம்பி, 2004 டிசம்பர் 26-ல இதே மணல்லதான் எங்க ஆளுங்களைக் கிடத்தி வச்சிருந்தோம். எழுந்திருக்க மாட்டாங்களான்னு பார்த்துக்கிட்டே நின்னவங்க இன்னும் இங்கதான் இருக்காங்க" ன்னார். அந்தப் பசங்க கேமராவைப் பைக்குள்ள வச்சுட்டாங்க. யாரும் வைக்கச் சொல்லலை.

மாமாவே சவுக்குத் தோப்பைக் காட்டிவிட்டார். அங்க காத்து அடிச்சா வர்ற இரைச்சல் இருக்கே, உள்ள நாலு எட்டு போனாலே பின்னாலருந்து யாரோ மூச்சு விடற மாதிரி இருக்கும். ஒரே அளவுல நெருக்கமா நிக்கிற மரம், எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி. ஒரு மரத்துக்குப் பின்னால போன ஆள் அடுத்த மரத்துல வெளிய வராம விட்டாங்க, அவ்வளவுதான் செஞ்சாங்க. எனக்குச் சின்ன வயசுல அந்தத் தோப்புல இருந்த பயம் அப்படியே வந்துச்சு. கடலூர் ஜில்லா கரை ஓரமா படம் எடுக்க வர்றவங்க, எடுக்கறதுக்கு முன்னால ஊர்ப் பெரியவங்ககிட்ட கதையைச் சொல்லுங்க. அனுமதிக்காக மட்டும் போகாதீங்க, கதையையே சொல்லுங்க.

பண்ருட்டி சவுண்டு

முதல் பதிவு போட்டவரோட படத்துக்கு ஒலி பண்ணினது நான்தான். அவர் அதைப் பத்தி எழுதாம விட்டதால நான் எழுதறேன்.

காலியான தெருவுக்கு என்ன சத்தம் வைக்கறது? ஒண்ணுமே வைக்காம விட்டா ஒலி போயிடுச்சுன்னுதான் நினைப்பாங்க. யோசிச்சு யோசிச்சு கடைசியில கிடைச்சது மோட்டார். ஏதோ ஒரு வீட்டுல மோட்டார் ஓடிக்கிட்டே இருக்கு, மொட்டை மாடி டேங்க் நிரம்பித் தண்ணி தரையில கொட்டுது, நிறுத்த யாரும் வரலை. படம் முழுக்க அடியில அதுதான் ஓடுது. வகுப்புல போட்டுக் காட்டினப்ப ஒரு மேடம் "யாராவது மோட்டாரை நிறுத்துங்களேன்" னு முணுமுணுத்தாங்க. அதை விட எனக்கு என்ன வேணும்!

ஆயா நிமிர்ற இடத்துல முதுகெலும்பு நெரியற சத்தத்துக்கு முருங்கைக்காய். ஈரத்துணியில சுத்தி மைக்குக்குப் பக்கத்துல மெதுவா முறுக்கணும், பட்டுனு உடைச்சா வெளியில சமையல்கட்டு மாதிரிக் கேக்கும். வாய் திறக்கற சத்தம் எங்க ஊர்ப் பலாப்பழம். நல்லா பழுத்ததைப் பிளந்து, சடையோட ஒட்டிக்கிட்டிருக்கற சுளையை இழுத்தா ஒரு பிசுபிசுப்பான கிழிசல் வரும் பாருங்க, காசு கொடுத்து வாங்கற எந்த எஃபெக்ட்லயும் அது கிடையாது. கைக்கு எண்ணெய் தடவிக்கிட்டு உட்காருங்க, இல்லைன்னா பால் ஒட்டி ரெக்கார்டர் பட்டனை அமுக்க முடியாது. எலும்பு முறியற சத்தத்துக்கு வெளிநாட்டுல செலரிங்கற கீரைத் தண்டை உடைச்சுப் பதிவு பண்றாங்க. எங்களுக்குக் கரும்பு இருக்கு. நெல்லிக்குப்பம் பக்கம் வெட்டின கட்டுக்கரும்பைப் பல்லால உரிச்சா எலும்பு கடிக்கிற மாதிரியே இருக்கும், அடுத்த படத்துக்கு வச்சிருக்கேன்.

ஒவ்வொரு இடத்துலயும் யாரும் பேசாம ஒரு நிமிஷம் அந்த இடத்துச் சத்தத்தைத் தனியா பதிவு பண்ணிடுங்க. எடிட்டிங்ல ரெண்டு ஷாட்டை ஒட்டவைக்கறது அதுதான். கடற்கரையில வசனம் மட்டும் வைக்காதீங்க, காத்து மொத்தத்தையும் சாப்பிட்டுடும்.

அரியாங்குப்பம் செகண்ட் இயர்

அண்ணா, ஜாம்பி நடை வெட்டி வெட்டி வர்றதுக்கு கேமராவுல ஷட்டர் வேகத்தை ஏத்தணும்னு சொன்னாங்க. எவ்வளவு வைக்கலாம்? நாங்க ஹாஸ்டல் வராண்டாவுல, ராத்திரியில எடுக்கறோம்.

திருப்பாதிரிப்புலியூர் விஸ்காம்

செகண்டுக்கு 25 ஃபிரேம்ல எடுத்தா ஷட்டரைச் சாதாரணமா 1/50 செகண்டு வைப்போம். 1/200க்கு மேல போனா அசைவுல இருக்கற மங்கல் போய், நீ கேக்கற வெட்டு வரும். ஆனா 1/50லருந்து 1/200 போறப்ப வெளிச்சம் நாலுல ஒரு பங்காயிடும். ராத்திரி ஹாஸ்டல் டியூப் லைட்டுல அது இன்னும் மோசம். நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், லைட் செகண்டுக்கு 100 தடவை ஏறி இறங்கும், 1/200ல படத்துல மினுக்கலோ பட்டையோ தெரியும். வராண்டாவை 1/50 அல்லது 1/100ல எடு. இல்லைன்னா அந்தக் காட்சியைப் பகலுக்கு மாத்து.

ஷட்டரை விட நடைதான் முக்கியம் தம்பி. எங்க குழுவுல ஒருத்தனோட பெரியப்பா தெருக்கூத்து வாத்தியார். நாங்க கையை நீட்டிக்கிட்டு இழுத்து இழுத்து நடந்து காட்டினோம். பார்த்துட்டு, "எல்லாரும் ஒரே மாதிரி செத்தீங்களா?" ன்னார். அப்புறம் ஒவ்வொருத்தனையும் எங்க அடிபட்டுச் செத்தேன்னு முடிவு பண்ணச் சொன்னார். இடுப்புல அடின்னா இடுப்பு முதல்ல வரக்கூடாது, கால் அதை இழுத்துக்கிட்டு வரணும். கழுத்துன்னா தலை திரும்பாது, உடம்பு மொத்தமும் திரும்பும். எங்க ஆயாவுக்கு அவர் சொன்னது, "நீ செத்ததே உனக்குத் தெரியாதும்மா, நீ பாட்டுக்குக் கோலத்தைப் போடு."

நர்ஸ் அக்கா, அட்டை விஷயம் ரொம்ப முக்கியம், நன்றி. நாங்க கல்லூரி லெட்டர்பேடுல தேதி, நேரம், தெரு, எத்தனை பேர், ரத்த மேக்கப் இருக்கா, பொம்மை ஆயுதம் இருக்கா எல்லாம் எழுதிப் பக்கத்து ஸ்டேஷன்ல கொடுத்து, நகல்ல சீல் வாங்கிக் கையில வச்சுக்கிட்டோம். புதுச்சேரியில எடுக்கறவங்க அங்க தனியா அனுமதி கேக்கணும், கடலூர்ல வாங்கின கடிதம் முள்ளோடை எல்லையைத் தாண்டினா செல்லாது. அரியாங்குப்பம் தம்பி, ஹாஸ்டல்னா வார்டன்கிட்ட மட்டும் சொன்னா போதாது, அந்த ராத்திரி டியூட்டியில இருக்கற வாட்ச்மேன்கிட்டயும் நேர்ல சொல்லிடு.