எஸ்690 ஸ்டீல் போட்டும் பாக்ஸ் காலம் (பெட்டி தூண்) லோடு ஏற மாட்டேங்குது, ஏன்?

எக்ஸெல்_பையன்
வணக்கம் மக்களே. எம்.இ. புராஜெக்டுக்கு ஒரு வெல்டடு பாக்ஸ் காலம் போட்டு பாத்துட்டு இருக்கேன், வெளி அளவு 200க்கு 200, பிளேட் 10 மி.மீ., ரெண்டு முனையும் பின் (சுழல விடற பிடிப்பு), உயரம் 8 மீட்டர். யீல்டு (ஸ்டீல் நிரந்தரமா வளைய ஆரம்பிக்கற ஸ்ட்ரெஸ்) 250 மெகாபாஸ்கல் இருக்கற சாதா ஸ்டீல தூக்கிட்டு, யீல்டு 690 இருக்கற எஸ்690 போட்டா ரெண்டரை மடங்காவது தாங்கும்னு நெனச்சேன், கால்வாசி கூட ஏறல. எங்க சொதப்பினேன்? கைடு கிட்ட போய் திட்டு வாங்கறதுக்கு முன்னாடி சொல்லுங்கப்பா.

டிசைன்_அண்ணாச்சி
சொதப்பல் ஒண்ணும் இல்ல தம்பி. நீளமான காலம் நசுங்காது, பக்கவாட்டுல வளைஞ்சு போயிடும், அதுதான் பக்லிங். அதுக்கான ஆய்லர் ஃபார்முலாவ எடுத்து பாரு, அதுல யீல்டே கெடையாது, இ (ஸ்டீலோட விறைப்பு), ஐ (குறுக்குவெட்டோட வளைவு எதிர்ப்பு), நீளம் அவ்வளவுதான், எந்த கிரேடு வாங்கினாலும் இ ரெண்டு லட்சம் மெகாபாஸ்கல் தான். நானும் நம்ம ஸ்டீல் டிசைன் கோடு ஐஎஸ் 800ல இருக்கற பக்லிங் கர்வுல பி கர்வ் வெச்சு போட்டேன் (690 அந்த கோடுக்குள்ள வராது, ஐரோப்பிய கோடான யூரோகோடு 3ல 1-12 பாகம் எஸ்700 வரைக்கும் போகுது, கர்வ் ஒண்ணுதான்). சேஃப்டி ஃபாக்டர் இல்லாம 8 மீட்டருக்கு சாதா ஸ்டீல் 125ம் எஸ்690 155ம் மெகாபாஸ்கல் வருது. அதையே 4 மீட்டரா வெச்சா 212ம் 428ம், ரெண்டு மடங்கு. குட்டை காலத்துலதான் காசுக்கு மதிப்பு.

கேஸ்_கட்டர்
ஒரு டவுட். ஸ்டீல் பலம் ஏற ஏற வெல்டிங்ல உள்ள நிக்கற ஸ்ட்ரெஸ்ஸும் ஏறும்ல, அப்ப பி-ய விட கம்மியா குடுக்கற சி கர்வுக்கு எறங்கணுமே?

லேப்_அக்கா
அங்கதான் எல்லாரும் வழுக்கறது. வெல்டு பக்கத்துல இழுவை, அத பேலன்ஸ் பண்ண மீதி பிளேட்ல அழுத்தம், பக்லிங்க கெடுக்கறது இந்த அழுத்தம்தான், அது யீல்டோட சேந்து ஏறாது, வெல்டிங் சூடும் பிளேட் தடிமனும்தான் அத தீர்மானிக்குது. நாங்க லேப்ல ரம்பத்துல பட்டை பட்டையா அறுத்து, 250 மி.மீ. கேஜ்ல முன்னயும் பின்னயும் அளப்போம், வெல்டு ஓரத்து பட்டை அரை மில்லி கிட்ட சுருங்கும், நடு பட்டை கொஞ்சூண்டு, 0.1 மில்லிதான் நீளும். 0.1ஐ 250ஆல வகுத்து இ-யால பெருக்கினா அழுத்தம் 80 மெகாபாஸ்கல். யீல்டு 250ல மூணுல ஒரு பங்கு, 690ல ஒன்பதுல ஒண்ணு! அதனால டெஸ்ட்ல பெரும்பாலும் கர்வுக்கு மேலதான் உடையும். லோக்கல் பக்லிங்கதான் (பிளேட் மட்டும் தனியா நெளியறது) பாக்கணும், பிளேட்டோட அகலம்/தடிமன் லிமிட் 42லருந்து 25க்கு எறங்கிடும். உனக்கு 18, தப்பிச்ச. 6 மி.மீ. பிளேட்டுக்கு போனா 31, காலி.

எக்ஸெல்_பையன்
ரொம்ப நன்றிக்கா. அப்ப நடுவுல ஒரு பிரேசிங் (பக்கவாட்டு பிடிப்பு) குடுத்து 4 மீட்டர் ஆக்கிடறேன்.

டிசைன்_அண்ணாச்சி
ரெண்டு திசையிலயும் குடு, பாக்ஸுக்கு வீக் ஆக்சிஸ்னு (சுலபமா வளையற திசை) தனியா ஒண்ணும் கெடையாது.